வாலட் நிறுவனத்திற்கு உரிமம் உண்டா? பணம் ஏற்றுவதற்கு முன் சரிபார்க்கும் முறை

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். அப்படியொரு சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு, பெருமாநல்லூர் சாலைப் பக்கம் முப்பது பவர்டேபிள், அதாவது மின் தையல் இயந்திரம், போட்டு ஜாப் ஒர்க் செய்துவரும் ஒருவர், நான் கணக்கு எழுதும் அலுவலகத்திற்கு ஒரு பிளாஸ்டிக் கோப்புடன் வந்தார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தைக்கும் பிள்ளைகளுக்கு வாரக் கூலியை ரொக்கமாக எண்ணிக் கொடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு பிரீபெய்ட் கார்டு கொடுத்து அதிலேயே ஏற்றிவிடலாம் என்று ஒரு முகவர் அவரிடம் சொல்லியிருந்தார். இரண்டு லட்சம் ரூபாயை முன்னதாகவே ஏற்றி வைத்தால் மாதம் ஒன்றரை சதவீதம் கூடுதலாக வரும் என்பது முகவர் சேர்த்துச் சொன்ன சலுகை. "ரிசர்வ் வங்கி லைசென்ஸே இருக்குதுங்க, நீங்களே பாருங்க" என்று கோப்பை என் மேசைமேல் வைத்தார்.

கோப்பில் நான்கு தாள்கள் இருந்தன. முதலாவது, அசோகச் சின்னம் பொறித்த பதிவுச் சான்றிதழ். ஒரு எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புடைய கூட்டாண்மை, பதிவு செய்யப்பட்டது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்லவில்லை. இரண்டாவது ஜிஎஸ்டி பதிவு. மூன்றாவது ஓர் ஐஎஸ்ஓ தரச்சான்று. நான்காவது, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொண்டதற்கான ஒப்புகை. நான்குமே உண்மையான தாள்களாக இருக்கலாம். ஆனால் பொதுமக்களின் பணத்தை மின்னணு வடிவில் வாங்கி வைத்துக்கொள்ள அவற்றில் ஒன்றுகூட அனுமதி தருவதில்லை. ஜிஎஸ்டி எண் டீக்கடைக்கும் உண்டு. நிதிப் புலனாய்வுப் பிரிவின் பதிவு, கருப்புப் பண மாற்றத் தடுப்புச் சட்டத்தின்படி சந்தேகத்திற்குரிய பரிவர்த்தனைகளைத் தெரிவிக்கும் கடமைக்கானதே தவிர, தொழில் நடத்துவதற்கான உரிமம் அன்று. கிரிப்டோ செயலிகள் பல இந்தப் பதிவையே உரிமம்போலக் காட்டி வருகின்றன என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். "ரிசர்வ் வங்கி" என்ற சொல் அந்தக் கோப்பில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது: முகவர் அச்சடித்த விளம்பரத் தாளில்.

உரிமம் என்பது எது, அது யாருக்கு, எந்த வேலைக்குக் கொடுக்கப்படுகிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் அப்போதே தீர்ந்துவிடும். 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்துதல் மற்றும் தீர்வு முறைமைகள் சட்டத்தின் 4-ஆம் பிரிவின்படி, ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் இல்லாமல் எவரும் பணம் செலுத்தும் முறைமை எதையும் தொடங்கவோ நடத்தவோ கூடாது. மீறி நடத்தினால் பத்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதத்திற்கும் அதே சட்டத்தில் இடமுண்டு. நாம் வாலட் என்றும் பிரீபெய்ட் கார்டு என்றும் சொல்வதை ரிசர்வ் வங்கி பிபிஐ என்று, அதாவது முன்பணம் ஏற்றிய கட்டணக் கருவி என்று, குறிப்பிடுகிறது. வங்கியல்லாத ஒருவர் இதை வெளியிட வேண்டுமானால், அவர் இந்தியாவில் கம்பெனிகள் சட்டத்தின்கீழ் பதிவான கம்பெனியாக இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போது குறைந்தது 5 கோடி ரூபாய் நிகர மதிப்பும், அங்கீகாரம் பெற்ற பின் மூன்றாம் நிதியாண்டின் முடிவிற்குள் 15 கோடி ரூபாய் நிகர மதிப்பும் காட்ட வேண்டும். எல்எல்பி, கூட்டு வியாபாரம், டிரஸ்ட், சங்கம் ஆகியவற்றிற்கு இந்த அங்கீகாரம் கிடைக்காது. ஆகவே நம்மவர் கொண்டுவந்த கோப்பில் முதல் தாளைப் பார்த்தபோதே விடை பெரும்பாலும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் ஒரு தாளை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியன்று. அந்த எல்எல்பி வேறொரு கம்பெனியின் முகவராக இருக்கவும் கூடும் அல்லவா?

கம்பெனியின் பெயரைக் கண்டுபிடித்தல்

அங்கீகாரம் கம்பெனிக்குத் தரப்படுகிறது, செயலியின் பெயருக்கு அன்று. மக்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான். மொபிக்விக் என்று நாம் அறிந்திருக்கும் வாலட்டின் பின்னால் இருப்பது ஒன் மொபிக்விக் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனி. இங்கே பெயரிலேயே அடையாளம் தெரிகிறது. பல செயலிகளில் வணிகப் பெயருக்கும் கம்பெனிப் பெயருக்கும் ஓர் எழுத்துக்கூடப் பொருந்தாது. எனவே செயலியின் "விதிமுறைகள்" பக்கத்தையும், குறைதீர் அலுவலரின் விவரம் உள்ள பக்கத்தையும் திறந்து, கருவியை வெளியிடும் கம்பெனி எது என்று தேடுங்கள். கார்டாக இருந்தால் அதில் வெளியீட்டாளரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி அச்சாகியிருக்க வேண்டும். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து வெளியிடும் கார்டில் விளம்பரம் செய்பவர் ஒருவராகவும் பொறுப்பேற்பவர் வேறொருவராகவும் இருப்பார்கள். நீங்கள் சரிபார்க்க வேண்டியது இரண்டாமவரை. வெளியீட்டாளரின் பெயர் எங்குமே இல்லையென்றால், அதற்கு மேல் தேடுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம் என்பது என் கருத்து.

பெயர் கிடைத்ததும் அதன் சிஐஎன் எண்ணை, அதாவது கம்பெனியின் அடையாள எண்ணை, கேளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, ஒவ்வொரு கம்பெனியும் தன் கடிதத்தாளிலும் பில்லிலும் பெயர், பதிவு அலுவலக முகவரி, இந்த எண் ஆகியவற்றை அச்சிட்டாக வேண்டும் என்பதால், இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. அந்த எண்ணில் 21 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் ஓர் எழுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டதா இல்லையா என்பதைக் காட்டும். அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகையைக் குறிக்கும். அதற்கடுத்த இரண்டெழுத்து மாநிலக் குறியீடு. சென்னைப் பதிவாளரிடம் பதிவானவற்றிற்கு "டிஎன்" என்றும், கோவைப் பதிவாளரிடம் பதிவான நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு "டிஇசட்" என்றும் வரும். பின்னர் பதிவான ஆண்டு, பிரைவேட்டா பப்ளிக்கா என்பதைச் சொல்லும் மூன்றெழுத்து, இறுதியில் ஆறிலக்கப் பதிவு எண். "பதினைந்து வருசமா கோயமுத்தூர்ல இருக்கிற கம்பெனிங்க" என்று ஒருவர் சொல்ல, எண்ணின் நடுவில் சென்ற ஆண்டும் வேறொரு மாநிலத்தின் குறியீடும் இருந்தால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்ன என்பது உங்களுக்கே தெரியும். எல்எல்பிக்கு இந்த எண் கிடையாது. அதற்கு ஏழிடங்கள் மட்டுமே கொண்ட வேறோர் எண் உண்டு. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனியின் அடிப்படை விவரங்களைக் கட்டணமின்றிப் பார்த்து, அந்தக் கம்பெனி நடப்பில் உள்ளதா, நீக்கப்பட்டதா என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

ரிசர்வ் வங்கியின் பட்டியலில் தேடுதல்

இனி முக்கியமான படி. முகவர் அனுப்பும் இணைப்பை அழுத்தாதீர்கள். கூகுளில் தேடி முதலில் வருவதையும் திறக்காதீர்கள். உலாவியில் ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்ற முகவரியை ஆங்கிலத்தில் நீங்களே தட்டச்சு செய்து உள்ளே செல்லுங்கள். அங்கே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பணம் செலுத்தும் முறைமைகளை அமைக்கவும் நடத்தவும் வழங்கப்பட்ட அங்கீகாரச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்று பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. அங்கீகாரம் பெற்றவரின் பெயர், தலைமை அலுவலக முகவரி, எந்த முறைமைக்கு அங்கீகாரம், எந்தத் தேதியில் என்ற விவரங்கள் அதில் இருக்கும். பிபிஐ வெளியிட அனுமதி பெற்ற வங்கிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு.

பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஊரில் ஒரே பெயரில் நாலு துணிக்கடை இருப்பதுபோல, கம்பெனிப் பெயர்களிலும் ஒரு "எஸ்" கூடுவதாலோ "இந்தியா" என்ற சொல் குறைவதாலோ ஆள் மாறிவிடும். பெயர் பொருந்தினால் முகவரியைப் பாருங்கள். முகவரியும் பொருந்தினால் முறைமையின் வகையைப் பாருங்கள். இந்த மூன்றாவது ஒப்பீட்டைப் படித்தவர்களே விட்டுவிடுகிறார்கள். பிபிஐ, கடைக்காரர்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமெண்ட் அக்ரிகேட்டர், வெளிநாட்டிலிருந்து உள்ளே மட்டும் பணம் கொண்டுவரும் சேவை, வங்கியல்லாதவர் நடத்தும் ஏடிஎம், சிறுதொழில் பில்களை வாங்கிப் பணமாக்கும் டிரெட்ஸ் தளம் என்று பட்டியலில் பல வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்குக் கிடைத்த அங்கீகாரம் இன்னொன்றுக்குச் செல்லாது. கடைக்குக் கியூஆர் அட்டையும் ஒலிபெருக்கிப் பெட்டியும் கொடுக்க அங்கீகாரம் பெற்ற கம்பெனி, அதை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் தொழிலாளிக்கு வாலட் திறந்து தர இயலாது.

பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே எவரையும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட வேண்டாம். கூகுள் பே செயலி யுபிஐ சேவை தருவதற்கு இந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டியதில்லை என்பதை, 2020-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் ரிசர்வ் வங்கியே தெரிவித்தது. அது தானாக ஒரு முறைமையை நடத்தவில்லை. தேசியப் பணக்கொடுப்பனவுக் கழகத்தின் (என்பிசிஐ) யுபிஐ முறைக்குள், வங்கிகளின் வழியாக இயங்கும் செயலி மட்டுமே. பணம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. செயலி அதைக் கையில் வாங்கி வைப்பதில்லை. இத்தகைய செயலிகளுக்கான பட்டியலைக் கழகத்தின் இணையதளத்தில் பார்க்க வேண்டும். அதேபோல், ஒரு பேக்கரியோ ஜவுளிக்கடையோ தன் கடையில் மட்டும் பொருள் வாங்குவதற்காக வெளியிடும், ரொக்கமாகத் திரும்ப எடுக்க முடியாத அட்டைக்கும் ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் தேவையில்லை. அந்த அட்டை பக்கத்துக் கடையிலும் செல்லும் என்று சொல்லத் தொடங்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. பேமெண்ட்ஸ் வங்கிகளோ வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் பெற்றவை. ஆகவே வங்கிகளின் பட்டியலில்தான் இருக்கும். அங்கே வைக்கும் பணத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான வைப்புக் காப்பீடு உண்டு. வங்கியல்லாதவர் வெளியிட்ட வாலட்டில் உள்ள பணத்திற்கு அந்தக் காப்பீடு கிடையாது. அதை ஒரு வங்கியின் எஸ்க்ரோ கணக்கில் தனியாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியே அங்கே பாதுகாப்பு. அந்தக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

பெயர் பட்டியலில் இருந்தாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டவர்களையும் தாமாக ஒப்படைத்தவர்களையும் பற்றிய தகவலையும், ரிசர்வ் வங்கியின் பத்திரிகைக் குறிப்புகளையும் அதே தளத்தில் பாருங்கள். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: உரிமம் அப்படியே இருக்க, அந்த ஆண்டு மார்ச் 15-க்குப் பிறகு கணக்குகளிலும் வாலட்டுகளிலும் புதிதாகப் பணம் ஏற்றக் கூடாது என்ற தடை வந்தது. உரிமப் பட்டியலை மட்டும் பார்த்தவருக்கு அது தெரிந்திருக்காது.

விதிகளை வைத்துப் பேச்சை அளத்தல்

பட்டியலைத் திறக்காமலே பொய்யைக் கண்டுகொள்ள உதவும் சில விதிகள் உண்டு. என் அனுபவத்தில் இவையே வேகமாக வேலை செய்கின்றன. வாலட்டில் உள்ள தொகைக்கு வட்டி தரக் கூடாது என்பது விதி. மாதம் ஒன்றரை சதவீதம் என்று முகவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் போதும், அவர் விற்பது வாலட் அன்று என்று சொல்ல. வட்டி ஆசை காட்டிப் பொதுமக்களிடம் பணம் திரட்டுவது வைப்புத் திட்டமாகிவிடும்; அதற்கு 2019-ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கின்றன. பெருந்துறைப் பக்கம் ஈமுக் கோழியில் பணம் போட்டு 2012-இல் கைவிடப்பட்டவர்களின் வழக்குகள், அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்திற்கான கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் எத்தனை ஆண்டுகள் நடந்தன என்பதை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது உச்சவரம்பு. கைபேசி எண்ணும், தானே தெரிவித்த பெயரும் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் திறக்கும் சிறிய வாலட்டில் மாதத்திற்கு 10,000 ரூபாய்க்கு மேலும், ஆண்டிற்கு 1,20,000 ரூபாய்க்கு மேலும் ஏற்ற முடியாது. அதிலிருந்து பொருளும் சேவையும் வாங்கலாமே தவிர, ரொக்கம் எடுக்கவோ பிறருக்கு அனுப்பவோ முடியாது. முழு கேஒய்சி, அதாவது முழுமையான அடையாளச் சரிபார்ப்பு, முடித்த வாலட்டில் எந்த நேரத்திலும் இருப்பு 2 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. இந்த எண்களை எங்கள் பவர்டேபிள்காரரின் கணக்கில் வைத்துப் பார்த்தோம். ஒரு டைலருக்கு வாரம் நாலாயிரம் என்று வைத்துக்கொண்டாலும், மூன்றாவது சனிக்கிழமை 12,000 ஆகி வரம்பு உடைந்துவிடும். அதைவிட, அந்தப் பையன் கூலி வாங்குவதே ஊருக்கு அனுப்புவதற்குத்தான். சிறிய வாலட்டிலிருந்து ஒரு ரூபாயும் அனுப்ப முடியாது. முகவரோ, "ஆதார் நம்பர் மட்டும் போதுங்க, எவ்வளவு வேணும்னாலும் ஏத்திக்கலாம், எங்க வேணும்னாலும் அனுப்பிக்கலாம்" என்று சொல்லியிருந்தார். உரிமம் உள்ள எந்தக் கம்பெனியும் அப்படிச் சொல்லாது, சொல்லவும் முடியாது. பாவம், பவர்டேபிள்காரர் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ இந்த வாரமும் கவர்ல போட்டே கொடுத்துர்றனுங்க" என்று கோப்பை எடுத்துக்கொண்டார். கூலியை நேராகத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போடும் வழியைப் பற்றி அதன் பிறகுதான் பேசினோம்.

இன்னொரு அடையாளம், பணம் போய்ச் சேரும் இடம். வாலட்டில் ஏற்றும் தொகையை ஒரு தனிநபரின் யுபிஐ முகவரிக்கோ, ஊர் பேர் தெரியாத ஒரு டிரேடர்ஸின் நடப்புக் கணக்கிற்கோ அனுப்பச் சொன்னால், சரிபார்க்கும் வேலை அங்கேயே முடிந்தது. ரகசிய எண்ணைத் தட்டுவதற்கு முன் திரையில் தோன்றும் பெறுநரின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். அது நீங்கள் பட்டியலில் பார்த்த கம்பெனியின் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். வாட்ஸப் வழியாக வரும் ஏபிகே கோப்பை, அதாவது செயலியை நிறுவும் கோப்பை, கைபேசியில் நிறுவச் சொல்பவரைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை. கடன் தரும் செயலிகளின் விஷயம் வேறு. அவற்றிற்கென ரிசர்வ் வங்கி 2025-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒரு தனிப் பட்டியலை வெளியிட்டு வருகிறது.

சந்தேகம் இருந்தால், பணம் போயிருந்தால்

அங்கீகாரம் இல்லாமல் ஒருவர் பணம் திரட்டுவதாகத் தோன்றினால், ரிசர்வ் வங்கி 2016-இல் தொடங்கிய சசேத் என்ற இணையதளத்தில் தகவலோ புகாரோ பதியலாம். மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழுவின் வழியாக அது உரிய துறைக்குச் செல்லும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்கு முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி உண்டு.

உரிமம் உள்ளவரிடம் ஏமாறுவதற்கும் இல்லாதவரிடம் ஏமாறுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கீகாரம் பெற்ற வாலட்டிலிருந்து மூன்றாம் நபர் ஒருவர் உங்கள் தவறு ஏதுமின்றிப் பணத்தை எடுத்துவிட்டால், தகவல் கிடைத்த மூன்று நாட்களுக்குள் நீங்கள் தெரிவித்தால் இழப்பு முழுவதும் கம்பெனியைச் சேர்ந்தது. நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் தெரிவித்தால், அந்தத் தொகை அல்லது 10,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது மட்டுமே உங்கள் பொறுப்பு. புகாருக்குக் கம்பெனி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். உரிமம் இல்லாதவர்மீது வரும் புகாரைக் குறைதீர்ப்பாளர் விசாரிக்க இயலாது. அது காவல்துறைக்கும் நீதிமன்றத்திற்கும் உரிய வழக்காகிவிடுகிறது.

அதனால் சரிபார்த்த அன்றே சிலவற்றை எடுத்து வையுங்கள்: ரிசர்வ் வங்கிப் பட்டியலில் அந்தக் கம்பெனியின் வரி தெரியும்படி தேதியுடன் ஒரு திரைப்பிடிப்பு, செயலியின் விதிமுறைப் பக்கம், முகவரின் பெயரும் அவர் அனுப்பிய செய்திகளும், முதன்முதலில் ஏற்றிய தொகையின் ரசீது. முதல் முறை ஏற்றுவது நூறு ரூபாயாக இருக்கட்டும். அதைச் செலவு செய்து பார்த்து, வாலட்டை மூடி மீதியைத் திரும்பப் பெறும் வழியும் வேலை செய்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு அடுத்த தொகையை ஏற்றலாம்.